நல்லெண்ணம் மட்டும் போதுமா?



சென்ற கோடை விடுமுறையில் என் இல்லத்திற்கு வந்திருந்த பேரன், கல்லூரியில் பயில்பவன், ஓர் ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு வினாவை எழுப்பினான். 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் திறந்த வெளியில் நடைபெற்ற உட்ஸ்டாக் என்னும் பெரும் இசைவிழாவைப் பற்றிய படம் அது. “ஆயா! நாலு லட்சம் பேர் மூன்று நாள் ஒரே இடத்தில் கூடியிருக்கிறார்கள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை, மழை வேறு. அப்படியும் அடிதடி இல்லை. நீங்கள் எப்போதும் சொல்கிற அகிம்சை இதுதானே?” என்று கேட்டான்.

உடனே விடைகூற என்னால் இயலவில்லை. ‘ஆம்’ என்று கூறிவிடுவது எளிது. ‘போதையில் மூழ்கியவர்களின் கூட்டம், அதற்கும் நம் அறத்திற்கும் என்ன தொடர்பு?’ என்று ஒதுக்கிவிடுவது அதனினும் எளிது. இரண்டுமே அவன் வினாவிற்கு உரிய விடைகளல்ல. நூலகத்திலும் பேரன் உதவியாலும் அவ்விழாவைப் பற்றிப் பல நாட்கள் படித்தறிந்தேன். படிக்கப் படிக்க, அவன் கேட்ட வினாவிற்குள் வேறொரு வினா ஒளிந்திருப்பதை உணர்ந்தேன். தீய எண்ணம் இல்லாமல் ஒரு செயலைச் செய்தால் அதுவே அகிம்சையாகிவிடுமா? அச்செயல் யாதொரு பெருந்தீங்கும் இன்றி முடிந்துவிட்டால், செய்தவர் அறவழியில் நின்றார் என்று கொள்ளலாமா? இவ்வினா நம் ஒவ்வொருவர் இல்லத்திற்கும் உரியது என்பதால் என் சிந்தனையை இங்கு வாசகர் முன் வைக்கிறேன்.

விழா பிறந்த கதை

இவ்விழாவை நடத்த முனைந்தவர் நால்வர். மைக்கேல் லாங், ஆர்ட்டி கோர்ன்ஃபெல்ட், ஜோயல் ரோஸன்மன், ஜான் ராபர்ட்ஸ் என்பன அவர்தம் பெயர்கள். நால்வரும் இளைஞர்கள். ராபர்ட்ஸ் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பொருள் பெரும்பாலும் அவருடையது. அந்நாளில் வியட்நாம் போர் அமெரிக்க இளைஞர்களின் உள்ளத்தை வாட்டிக்கொண்டிருந்தது. போரை வெறுத்த தலைமுறை ஒன்று, ‘ராக்’ எனப்படும் அதிர்வு மிக்க இசையில் தன் ஏக்கத்திற்கு வடிகால் தேடியது. ‘மூன்று நாள் அமைதியும் இசையும்’ என்பதே விழாவின் விளம்பரம். விழா நடத்தியவர்கள் ஊதியம் கருதியே தொடங்கினர் என்பது உண்மைதான். ஆயினும் எவரையும் துன்புறுத்தும் எண்ணம் அவர்களுக்குக் கடுகளவும் இல்லை என்பதும் உண்மை.

முதலில் நியூயார்க் மாநிலத்தின் வால்கில் என்னும் ஊரில் இடம் பார்த்தனர். அவ்வூரார் அஞ்சினர். 5,000 பேருக்கு மேல் கூடுவதானால் அனுமதி வேண்டும் என்று புதிய சட்டம் செய்தனர். 1969 ஜூலை 15ஆம் நாள், கழிப்பிட வசதி ஊர் விதிகளுக்கு ஏற்றதாக இல்லை என்பதைக் காட்டி விழாவிற்குத் தடை விதித்துவிட்டனர். விழாவோ ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்க வேண்டும். இடையில் இருந்தது சரியாக ஒரு திங்கள்.

அந்நிலையில் பெத்தேல் என்னும் சிற்றூரில் பால்பண்ணை நடத்திவந்த மாக்ஸ் யாஸ்கர் என்பவர் தம் நிலத்தை வாடகைக்குத் தர இசைந்தார். கிண்ணம்போல் சரிந்து இறங்கும் பசும்புல் நிலம் அது. இசைவிழாவிற்கு இயற்கையே அமைத்துக் கொடுத்த அரங்கம் எனலாம். பெயர்தான் உட்ஸ்டாக் விழாவேயன்றி, உட்ஸ்டாக் என்னும் ஊருக்கும் பெத்தேலுக்கும் இடையே 40 மைலுக்கு மேல் தொலைவு உண்டு.

கணக்கும் உண்மையும்

கணக்குப் பாடம் நடத்தியவள் என்ற முறையில் சில எண்களை இங்குத் தருகிறேன். ஊர் அதிகாரிகளிடம் 50,000 பேர் வருவர் என்று அமைப்பாளர்கள் கூறினர். முன்கூட்டியே விற்ற நுழைவுச் சீட்டுகளோ ஏறத்தாழ 1,86,000. வந்து சேர்ந்தவர்கள் 4 லட்சத்திற்கும் மேல் என்பர். வைக்கப்பட்டிருந்த கழிப்பிடங்கள் 600 அளவில். வகுத்துப் பாருங்கள்! ஒரு கழிப்பிடத்திற்கு 650 பேருக்கு மேல் ஆகிறது. கூறிய எண்ணுக்கும் விற்ற எண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை அவர்கள் அறியாதிருந்தார்கள் என்று கூற இயலாது. அறிந்தும், ‘எப்படியோ நடந்துவிடும்’ என்று இருந்துவிட்டனர். இந்த ‘எப்படியோ’ என்னும் சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எஞ்சிய சில நாட்களில் மேடையைக் கட்டி முடிப்பதா, வேலியைப் போட்டு முடிப்பதா என்னும் நிலை ஏற்பட்டது. மேடையைத் தேர்ந்தெடுத்தனர். விழாத் தொடங்குமுன்பே பல்லாயிரவர் புல்வெளியில் வந்து அமர்ந்துவிட்டமையால் சீட்டு வாங்க வாயிலே இல்லாமற் போயிற்று. வேறு வழியின்றி அனைவருக்கும் இலவசம் என்று அறிவித்தனர். பாதுகாப்பிற்கு நியூயார்க் நகரக் காவலர்களைப் பணி ஓய்வு நேரத்தில் அமர்த்த ஏற்பாடு செய்திருந்தனர். இறுதி நேரத்தில் நகரக் காவல்துறைத் தலைமை அதற்குத் தடை விதித்தது. சாலைகள் எல்லாம் வண்டிகளால் அடைபட்டன. மக்கள் வண்டிகளை வழியிலேயே நிறுத்திவிட்டுக் காததூரம் நடந்தனர். இசைவாணர்களையே ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியதாயிற்று. முதலில் பாட வேண்டியவர்கள் வந்து சேராததால் ரிச்சி ஹேவன்ஸ் என்னும் பாடகர் முன்னே வந்து, பாடல்கள் தீர்ந்த பின்னும் பாடிக்கொண்டே இருந்தார்.

அம்மேடைக்கும் நம் தமிழகத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அறிந்து வியந்தேன். முதல் நாள் மாலை அக்கூட்டத்திற்கு ஆசியுரை வழங்கியவர் சுவாமி சச்சிதானந்தர். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். ஒலியின் ஆற்றலைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் அவ்விளைஞர்களிடம் பேசினார். அன்றிரவு பண்டிட் ரவிசங்கர் மழைக்கிடையே சிதார் வாசித்தார். பிற்காலத்தில் அவரே, சேறும் போதையுமாக இருந்த அச்சூழல் தமக்கு உவப்பாக இல்லை என்று கூறினார். ஆசி இருந்தது. இசை இருந்தது. நல்லெண்ணமும் இருந்தது. ஆனால் குடிக்க நீரும் உண்ண உணவும் போதிய அளவில் இல்லை.

காத்தவர் யார்?

உணவு விற்கும் பொறுப்பு அத்தொழிலில் தேர்ச்சியில்லாத சிலரிடம் விடப்பட்டிருந்தது. அவர்கள் விலையை உயர்த்தவே, சினம்கொண்ட சிலர் சில கடைகளைத் தீயிட்டனர். அப்போது கூட்டத்தைப் பசியிலிருந்து காத்தவர்கள் யார்? ‘ஹாக் ஃபார்ம்’ என்னும் கூட்டுக் குடும்பத்தார் அங்கேயே அடுப்பு மூட்டித் தானியமும் காய்கறியும் சமைத்து வரிசை வரிசையாக வழங்கினர். பாதுகாப்புப் பணியையும் அவர்களே ஏற்றனர். தடியின்றி, ‘தயவு செய்து’ என்னும் சொல்லையே கருவியாகக் கொண்டு மக்களை ஒழுங்குபடுத்தினர் என்று படித்தபோது என் உள்ளம் குளிர்ந்தது. சுற்றுவட்டாரத்துப் பெண்மணிகள் ரொட்டியும் பிற உணவும் செய்து அனுப்பினர். இராணுவ ஹெலிகாப்டர்கள் மருத்துவரையும் மருந்தையும் சுமந்து வந்தன. 5,000க்கும் மேற்பட்டோர் மருத்துவ உதவி பெற்றனர் என்று கணக்குச் சொல்கிறது.

பண்ணையார் யாஸ்கரைப் பற்றி ஒரு செய்தியைத் தனித்துக் கூறவேண்டும். வந்த பிள்ளைகளிடம் தண்ணீருக்குக் காசு கேட்கிறார்கள் சிலர் என்று கேள்விப்பட்டதும் அவர் மனம் பொறாது, ‘இங்கே தண்ணீர் இலவசம்’ என்று எழுதிய பெரிய பலகையைத் தம் இடத்தில் வைத்தார். பாலும் வழங்கினார். அவ்விளைஞர்களின் அரசியலோடு உடன்பட்டவர் அல்லர் அவர். ஊரார் சிலர் அவருடைய பாலை வாங்கவேண்டாம் என்று பலகை எழுதி வைத்த பின்னும் தாம் கொடுத்த சொல்லிலிருந்து பிறழவில்லை. தண்ணீரை வடிகட்டி அருந்தும் மரபில் வந்த நமக்கு, தாகத்திற்கு விலை வைக்கக் கூடாது என்னும் அப்பெரியவரின் உள்ளத்தைப் புரிந்துகொள்வது கடினமன்று.

மாநில ஆளுநர் படை அனுப்பலாமா என்று எண்ணினார். ராபர்ட்ஸ் வேண்டாம் என்று தடுத்து வேண்டிக்கொண்டார். விழா முடிந்தபோது அவர் குடும்பத்தின் மீது பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன் சுமை விழுந்தது. நொடிப்பு அறிவித்து நழுவிவிடாமல் அக்கடனை ஏற்று அடைத்தனர். இதனை நாம் மதிக்கத்தான் வேண்டும். 1970இல் வெளிவந்த ஆவணப்படம் உலகப் புகழ் பெற்று ஆஸ்கார் விருதும் வென்றது. கடனின் பெரும்பகுதியை ஈடுசெய்ததும் அப்படமே.

உறங்கியவன் மேல் ஏறிய சக்கரம்

இவ்வளவும் கேட்ட பேரன், “பார்த்தீர்களா ஆயா, முடிவு நன்றாகத்தானே இருந்தது?” என்றான். அப்போது அவனிடம் ஒரு நிகழ்ச்சியைக் கூறினேன். அவ்விழாவில் இறந்தவர்களுள் ஒருவன், பதின்மூன்றும் பத்தொன்பதும் இடைப்பட்ட வயதுடைய ஒரு பையன். வயல்வெளியில் உறக்கப் பைக்குள் படுத்து உறங்கிக்கொண்டிருந்தான். அவ்வழியே சென்ற டிராக்டர் அவன்மீது ஏறிவிட்டது. ஓட்டியவருக்கு அவன்மேல் என்ன பகை? ஒன்றுமில்லை. அவன் அங்கிருப்பதே அவருக்குத் தெரியாது. உறங்கவும் வண்டி செல்லவும் தனித்தனி இடம் பிரித்து வைக்காத ஓரிடத்தில் அவன் உறங்கினான், அவர் ஓட்டினார்.

நம் முனிவர்கள் கடைப்பிடிக்கும் ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈரியா சமிதி. முன்னே நான்கு முழ நிலத்தைப் பார்த்து, உயிர் ஏதும் இல்லை என்று தெளிந்த பின்னரே அடியெடுத்து வைக்க வேண்டும். எறும்பிற்காக இவ்வளவு கவனமா என்று நகைப்பவர் உண்டு. எறும்பிற்காகப் பார்க்கப் பழகிய கண் உறங்கும் மகனைக் காணாமல் தவறுமா? சமிதி என்பது எறும்பை மட்டும் காப்பதன்று. பார்க்கும் பழக்கத்தைக் காப்பது அது.

நான்கு திங்களுக்குப் பின்

கதை இத்துடன் முடியவில்லை. ‘எப்படியோ நடந்துவிட்டது’ என்பதையே நாடு முழுவதும் ஒரு வெற்றியாகக் கொண்டாடியது. ஆயத்தம் இல்லாமலே அன்பு ஒன்றினால் பெருங்கூட்டத்தை நடத்திவிடலாம் என்னும் நம்பிக்கை பரவியது. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்தில் ஆல்டமாண்ட் என்னும் மோட்டார்ப் பந்தயத் திடலில், ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேய இசைக்குழுவினர் ஓர் இலவச இசைவிழாவிற்கு ஏற்பாடு செய்தனர். முதலில் கருதிய இடங்கள் கைகூடவில்லை. ஆல்டமாண்ட் என்று உறுதியானது விழாவிற்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான்! வேறோர் இடத்தில் மேட்டின்மேல் அமைப்பதற்கென்று திட்டமிட்ட தாழ்ந்த மேடையை இங்கே சரிவின் அடியில் நிறுத்தினர். ஏறத்தாழ மூன்றரை அடியே உயரம். மேலிருந்து இறங்கும் கூட்டத்தின் அழுத்தம் முழுவதும் அம்மேடைமேல் விழுந்தது. மேடையருகே காவல் நிற்க ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்’ என்னும் மோட்டார் சைக்கிள் குழுவினரை அழைத்தனர். அவர்களுக்கு 500 டாலர் மதிப்புள்ள மதுவே கூலி என்று கூறப்பட்டது.

சுமார் 3 லட்சம் பேர் கூடினர். காவல் நின்றவர்களே தடிகொண்டு அடித்தனர். மேடையில் பாடியவரும் அடிபட்டு வீழ்ந்தார். இரவில், துப்பாக்கியைக் கையில் எடுத்த 18 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர் மேடைக்கு முன்பாகவே கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். குத்தியவர் தற்காப்பிற்காகவே செய்தார் என்று நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. ஒருவர் கால்வாயில் மூழ்கி இறந்தார். வண்டி மோதி இருவர் இறந்தனர். மொத்தம் நான்கு உயிர்கள்.

இரு விழாக்களையும் நடத்தியவர்களின் எண்ணத்தில் பெரிய வேறுபாடு உண்டா? இரண்டிடத்திலும் தீய நோக்கம் இல்லை. இரண்டிடத்திலும் முன்னேற்பாடு இல்லை. முதலாவதில் ஒரு யாஸ்கரும், சமைத்துப் போட்ட ஒரு கூட்டமும், உதவ முன்வந்த ஊரும் வாய்த்தன. இரண்டாவதில் அவை வாய்க்கவில்லை. அப்படியானால் முதல் விழாவின் அமைப்பாளர்களை ‘அகிம்சையாளர்’ என்றும், இரண்டாம் விழாவினரை மட்டும் ‘குற்றவாளிகள்’ என்றும் கூறுவது நீதியாகுமா? விளைவை மட்டும் நோக்கினால் ஆகும். அறத்தை நோக்கினால் ஆகாது.

பிரமாதம் என்னும் சொல்

இங்கே நம் ஆசாரியர்களின் அருள்வாக்கு நமக்குக் கைவிளக்காகிறது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது உயிர் போவதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. பிரமாதம் உடையவனின் மன, மொழி, மெய்ச் செயலால் உயிருக்குக் கேடு நேர்வதையே ஹிம்சை என்கிறார். பொன்னூர் மலையில் தவமியற்றியவர் என்று நாம் போற்றும் குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். உயிர் இறந்தாலும் இறவாவிட்டாலும், கவனமின்றி நடப்பவனுக்கு ஹிம்சை உறுதி. சமிதியோடு நடப்பவனுக்கோ, அவன் அறியாமல் ஓர் உயிர் மாண்டாலும் பந்தம் இல்லை. இதுவே அவர் காட்டும் நெறி.

இதன் ஆழத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! உயிர் தப்பியது என்பது நம் கணக்கில் வரவு வைக்கத்தக்கதன்று. அது அவ்வுயிரின் ஆயுள் வலிமையாலோ, பிறர் உதவியாலோ நேர்ந்தது. நம் கணக்கில் எழுதப்படுவது நாம் விழித்திருந்தோமா என்பது மட்டுமே.

தமிழில் இச்சொல்லுக்கு நேர்ந்த மாற்றம் வியப்பிற்குரியது. ஆகமத்தில் பிரமாதம் என்றால் அசட்டை, மறதி, விழிப்பின்மை. நம் வீடுகளிலோ விருந்து நன்றாயிருந்தால் ‘பிரமாதம்!’ என்கிறோம். கச்சேரி சிறந்தால் ‘பிரமாதம்!’ என்கிறோம். உட்ஸ்டாக் விழாவை உலகம் இரண்டாம் பொருளில் பிரமாதம் என்று புகழ்ந்தது. முதற்பொருளிலும் அது பிரமாதமே. ஒரு விழா ‘பிரமாதமாக’ நடந்தது என்று மகிழும் போதெல்லாம், எந்தப் பொருளில் என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நமக்கு நலம் தரும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘நம் சமயத்தில் பாவனையே, அதாவது உள்ளக் கருத்தே முதன்மை அன்றோ? அன்பு நிறைந்த உள்ளத்தோடு செய்ததை எப்படிக் குறைகூறலாம்?’ என்பர் சிலர். நல்ல ஐயம். ஆயினும் விழிப்பின்மையும் உள்ளத்தின் ஒரு நிலையே என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். ‘இவர்களுக்கு என்ன நேருமோ’ என்று எண்ணிப் பாராத உள்ளத்தில் அன்பு முழுமை பெறவில்லை என்பதே பொருள். மேலும், நம் ஆசாரியர்கள் பிரமாதத்தைப் பதினைந்து வகையாகப் பிரித்துள்ளனர். வீண்கதைகள் நான்கு, கஷாயங்கள் நான்கு, ஐம்பொறிகள், உறக்கம் ஆகியவற்றோடு பதினைந்தாவதாக அவர்கள் வைத்திருப்பது சிநேகம். ஆம், அன்பையே பிரமாதத்தின் வகைகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றனர்! இளம் வயதில் இதைப் படித்தபோது கடுமையாகத் தோன்றியது. இப்போது அதன் உண்மை விளங்குகிறது. பற்றின் களிப்பில் மூழ்கியவன், தன் நெஞ்சு இனிக்கிறது என்பதாலேயே சுற்றிலும் யாவும் நலமே என்று நம்பிவிடுகிறான். கண்ணை மறைப்பது வெறுப்பு மட்டுமன்று.

என் கணக்கில் ஒரு பக்கம்

பிறர் குறையைக் கூறிவிட்டுத் தன் குறையை மறைப்பது ஆசிரியைக்கு அழகன்று. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா அழைத்துச் சென்றோம். மாலையில் பேருந்தில் ஏறியதும், “எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டேன். “வந்தாச்சு டீச்சர்!” என்று ஒரே குரலாக விடை வந்தது. மகிழ்ச்சியோடு புறப்பட்டோம். ஆறேழு மைல் கடந்த பிறகு ஒரு சிறுமி, “டீச்சர், என் பக்கத்தில் இருந்தவளைக் காணோம்” என்றாள்.

பேருந்தைத் திருப்பிக்கொண்டு சென்றோம். அவ்வழி முழுதும் என் நாவில் பஞ்ச நமஸ்காரம் அன்றி வேறொன்றும் இல்லை. கடற்கரையில் இளநீர் விற்கும் ஒரு மூதாட்டி அக்குழந்தையைத் தன் மடிமீது இருத்திக்கொண்டு, “உங்க டீச்சர் வருவாங்க, அழாதே கண்ணு” என்று தேற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளியில் குழந்தை கிடைத்ததற்காக எல்லாரும் மகிழ்ந்தனர். பதறாமல் செயல்பட்டேன் என்று சிலர் என்னைப் பாராட்டவும் செய்தனர். அப்பாராட்டை நான் மறுக்கவில்லை. அதுவே இன்றுவரை என்னை உறுத்துகிறது. குழந்தையைக் காத்தது அம்மூதாட்டி. நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றே. தலைகளை எண்ணியிருக்க வேண்டும். எண்ணாமல் கேட்டேன். குழந்தைகள்மேல் எனக்கிருந்த அன்பில் குறைவில்லை. ஆனால் எண்ணுவதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தை அந்த அன்பு தரவில்லை.

அன்றுமுதல் ஓய்வுபெறும் வரை, எங்குச் சென்றாலும் பெயரேட்டைக் கையில் வைத்து ஒவ்வொரு தலையையும் தொட்டு எண்ணிய பின்னரே புறப்படுவேன். பிள்ளைகள் நகைப்பர். பிற்காலத்தில் என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியைகளுக்கும் இதையே கூறினேன்: “கேட்காதே அம்மா, எண்ணு.”

அப்படியானால் எச்செயலும் செய்யலாகாதா?

இவ்வளவு அஞ்சினால் எந்த நற்செயலையும் தொடங்கவே இயலாதே என்று சிலர் கேட்கலாம். இல்லறத்தார்க்கு முற்றிலும் ஹிம்சையற்ற வாழ்வு கைகூடாது என்பதை நம் சமயம் அறியும். அடுப்பு மூட்டுவதிலும், உழுவதிலும், தொழில் செய்வதிலும் நேரும் தீங்கை அறிந்தே நமக்கு அணுவிரதம் வகுத்தனர். ஆறாம் குணஸ்தானத்தில் நிற்கும் முனிவருக்கே பிரமாதம் முழுவதும் நீங்குவதில்லை என்றால் நம் நிலையைக் கூறவும் வேண்டுமோ? ஆகவே, வேண்டப்படுவது செயலின்மை அன்று. இயன்ற அளவு பார்த்துச் செய்தல். அதனையே யத்தினாசாரம் என்கின்றனர். எல்லாவற்றையும் முன்கூட்டி அறிய எவராலும் இயலாது. ஆனால் 1,86,000 சீட்டுகளை விற்றுவிட்டு 50,000 என்று கூறாமல் இருக்க எவராலும் இயலும். அறியாமை வேறு, அறிய மறுத்தல் வேறு.

செயலைப் பெரிதாக்கும் அளவிற்கு விழிப்பும் பெரிதாக வேண்டும். நால்வருக்குச் சமைப்பவள் உலையைப் பார்த்தால் போதும். நாலாயிரவருக்குச் சமைப்பவர் நீரையும், நிழலையும், குழந்தைகள் ஓடும் வழியையும், முதியோர் அமரும் இடத்தையும், எஞ்சிய உணவில் மொய்க்கும் உயிர்களையும் எண்ணியாக வேண்டும். நம் ஊர்த் தேர்த்திருவிழாவிற்கும் பஞ்சகல்யாண விழாவிற்கும் இது பொருந்தும். பூசையில் ஒரு மந்திரம் தவறக்கூடாது என்று அஞ்சும் நாம், தேரின் சக்கரத்தருகே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க ஒருவரை நிறுத்துவதும் அப்பூசையின் ஓர் அங்கமே என்று உணரவேண்டும்.

எண்ணிக்கையும் திட்டமும் மட்டும் இருந்தாலும் போதாது. உட்ஸ்டாக்கின் முப்பதாம் ஆண்டு நினைவாக 1999 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில், பழைய விமானப்படைத் தளத்தில் ஒரு விழா நடத்தினர். இம்முறை உறுதியான வேலி இருந்தது. பெரிய திட்டம் இருந்தது. ஆனால் சுட்டெரிக்கும் வெயிலில், தார்த்தரையில், ஒரு புட்டித் தண்ணீர் 4 டாலருக்கு விற்கப்பட்டது. இறுதி நாளில் தீயும் சூறையாடலுமாக விழா முடிந்தது. அங்கே வேலியைக் காக்க விழிப்பு இருந்தது. வந்தவர்களின் தாகத்தைக் காண விழிப்பு இல்லை. பண்ணையார் யாஸ்கரின் பலகையை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. கருணையற்ற கணக்கும் காக்காது, கணக்கற்ற கருணையும் காக்காது.

பேரனுக்குக் கூறிய விடை

பேரனிடம் இறுதியில் இவ்வாறு கூறினேன்: “அப்பா, அந்தப் புல்வெளியில் அகிம்சை இருந்தது உண்மைதான். பசித்தவர்க்குக் கஞ்சி ஊற்றியவர் கையில் இருந்தது. தண்ணீர்ப் பலகை வைத்த பெரியவரிடம் இருந்தது. ‘தயவு செய்து’ என்று கூறி வழிவிடச் செய்தவர் நாவில் இருந்தது. இருந்த ஒரு ரொட்டியைப் பக்கத்தில் இருந்தவனோடு பகிர்ந்துகொண்ட பையனிடம் இருந்தது. ஆனால் அத்தனை பேரை அழைத்துவிட்டு எண்ணிப் பார்க்காமல் இருந்தவர்களின் செயலில் அது இல்லை. அவர்கள் தீயவர்கள் என்று நான் கூறவில்லை. உன் ஆயாவைப் போன்றவர்கள். பிறர் புண்ணியத்தால் தப்பியவர்கள்.”

அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அந்தச் சிறுமி இப்போது எங்கே இருக்கிறாள் ஆயா?” என்று கேட்டான். அவள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டவள். என்னைக் கண்டால் இன்றும் “டீச்சர்” என்று கைகுவிக்கிறாள். அம்மாலைப் பொழுது அவளுக்கு நினைவில்லை என்கிறாள். எனக்கு இருக்கிறது. இருக்கவும் வேண்டும்.

பெத்தேல் ஊரின் அந்தப் புல்வெளியை இன்று நினைவிடமாகப் போற்றுகின்றனர். 2008ஆம் ஆண்டில் அங்கு ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அந்த மூன்று நாட்களின் இனிமையை எண்ணிப் பலர் அங்குச் செல்கின்றனர். செல்லட்டும். அவர்களுள் ஒருவராவது, வயலில் உறங்கிய அந்தப் பையனை நினைத்து, தம் அடுத்த அடியைப் பார்த்து எடுத்துவைப்பாரானால் அதுவே அவ்விழாவின் பயன் என்பேன்.

நம் இல்லங்களில் நாள்தோறும் பிரதிக்கிரமணம் செய்யும்போது, அறிந்து செய்த பிழைகளுக்கு வருந்துவதோடு நின்றுவிடாமல், பிழையாக முடியாமல் தப்பிய நம் கவனமின்மைகளுக்காகவும் வருந்துவோமாக. ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று கூறி அவற்றை மறந்துவிடாதிருப்போமாக. எண்ணுவோம், பார்ப்போம், அதன்பின் அடியெடுத்து வைப்போம்.

வாழ்க எவ்வுயிரும்! வளர்க ஜினதருமம்!